யாரை வென்றோம்?

எப்போதும்வென்றான்! வீரனொருவனின் பட்டப்பெயர் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! நான் பிறந்த ஊரின் பெயர் அது. மதுரையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எட்டையபுரத்தைக் கடந்து சென்றால் அந்தப் பெயர்ப்பலகை கண்ணிற்படும். பேருந்தில் செல்வோர் படிப்பர், புன்னகை புரிவர். "யார் வென்றது? யாரை வென்றது?" என்று கல்லூரி நாளில் வெளியூர் நண்பர்கள் என்னைக் கேலி செய்ததுண்டு. "அச்சத்தை வென்றவனின் ஊர்!" என்று நானும் நெஞ்சு நிமிர்த்தி விடையளித்ததுண்டு. இன்று அதே வினாவை எவரேனும் தொடுத்தால் என் நா தயங்குகிறது. தயக்கத்துக்குக் காரணம் ஒரு திரைப்படம். அதனினும் பெரிய காரணம் ஒரு கிணறு. இரண்டையும் சொல்கிறேன், கேளுங்கள்.

2015ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள். 'மாயா' என்றொரு பேய்ப்படம் வெளிவந்தது. அஸ்வின் சரவணன் என்ற இளைஞர் இயக்கிய முதற்படம். நயன்தாரா தலைமைப் பாத்திரம் ஏற்றிருந்தார். கோவில்பட்டிப் படக்கொட்டகை ஒன்றில் அதைக் காண நேர்ந்தது. பேய்ப்படம் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. என் சித்தியின் மகள், எனக்குத் தங்கை முறையானவள், தன் பிள்ளைகளின் தொல்லை தாளாமல் புறப்பட்டாள். என்னையும் துணைக்கு அழைத்தாள். பேய் இல்லை, பூதம் இல்லை என்று மேடையேறி முழங்கும் அண்ணன் பக்கத்தில் அமர்ந்திருந்தால் பிள்ளைகள் அஞ்சமாட்டார்கள் என்பது அவள் போட்ட கணக்கு!

படத்திலே ஒரு காடு. மாயவனம் என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் அங்கே மனநோயாளிகளை அடைத்துவைத்த விடுதியொன்று இருந்ததாம். நோயாளிகளின் மேல் ஆராய்ச்சி என்ற பெயரால் கொடுமைகள் நடந்தனவாம். அங்கே அடைபட்டுக் கிடந்தவள் மாயா. ஈன்றெடுத்த குழவியைப் பிரிந்து மடிந்தவள். அவளுடைய ஆவி அந்தக் காட்டில் உலவுகிறது. உள்ளே நுழைந்தோர் மீள்வதில்லை. இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், நகரத்தில் கைக்குழந்தையுடன் தனித்து வாழும் அப்சரா. கடன் அவள் கழுத்தை நெரிக்கிறது. பேய்ப்படம் ஒன்றைக் கொட்டகையில் தன்னந்தனியே அமர்ந்து அஞ்சாமல் பார்த்து முடிப்பவருக்குப் பெரும்பரிசு என்று அறிவிக்கிறார்கள். பிள்ளையின் பசிக்காக அவள் அந்தப் போட்டிக்குச் செல்கிறாள். கறுப்பு வெள்ளையில் ஒரு கதை, வண்ணத்தில் ஒரு கதை. இரண்டும் இறுதியில் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன.

மாயவனம் திரையில் விரிந்தபோது எனக்குள் நான் சிரித்துக்கொண்டேன். எங்கள் கரிசற் சீமையில் 'காடு' என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. "காட்டுக்குப் போயிட்டு வாறேன்" என்று எங்கள் பெண்கள் சொன்னால், வேங்கை வாழும் வனத்திற்குச் செல்கிறார்கள் என்று பொருளன்று. பருத்தி எடுக்கப் போகிறார்கள். கம்பு அறுக்கப் போகிறார்கள். உளுந்துக்குக் களை பறிக்கப் போகிறார்கள். வானத்தை நம்பி விதைக்கும் புன்செய்தான் எங்களுக்குக் காடு. அதிலே நிழலுக்கு ஒதுங்கவும் நல்ல மரம் கிடையாது. ஓடைக்கரையிலும் கண்மாய்க்குள்ளும் அடர்ந்து நிற்பது சீமைக்கருவேலம். அதுவும் இந்த மண்ணின் மரமன்று. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அதன் விதையை 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தார்கள். அதை வெட்டி, அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது எங்கள் பக்கத்து ஏழைகளின் பிழைப்பு. இரவு வேளையில் அந்த மூட்டத்தின் வாய் கனன்று சிவப்பதைக் கண்டு, "கொள்ளிவாய்ப் பேய்!" என்று அலறியடித்துச் சிறு வயதில் நாங்கள் ஓடியதுண்டு. மறுநாட் காலையில் அந்தக் கொள்ளிவாய்ப் பேய் முகமெல்லாம் கரியும் கண்ணெல்லாம் தூக்கமுமாக எங்கள் திண்ணைக்கு வரும். ஆச்சியிடம் நீராகாரம் வாங்கிக் குடிக்கும். இரவெல்லாம் கண்விழித்து மூட்டம் காத்த கூலித் தொழிலாளி அவர்!

ஆகவே, காடும் பொய், பேயும் பொய் என்ற மிடுக்கோடு கொட்டகையில் சாய்ந்து அமர்ந்திருந்தேன். திரையில் கதவு தானே திறந்தது, பிள்ளைகள் கூச்சலிட்டனர். முன் வரிசை இளைஞர்கள் அலறினர். அலறிய வெட்கத்தை மறைக்கச் சிரித்தனர். தங்கையின் பக்கம் திரும்பினேன். அவள் அலறவுமில்லை, சிரிக்கவுமில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, பயமாயிருக்கா?" என்றேன்.

தலையை அசைத்தாள். பிறகு என் காதருகே, பிள்ளைகள் கேட்டுவிடாதபடி சொன்னாள்: "எங்கம்மாவும் இப்படித்தானேண்ணே என்னைத் தேடியிருப்பா?"

அதன்பின் திரையில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. மாயவனத்தை விட்டு எங்கள் காட்டுக்குப் போய்விட்டேன். 2015ஐ விட்டு 1979க்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சித்திக்கு இருபதோ இருபத்தொன்றோ இருக்கும். திருமணத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள், விரல்கள் பறக்கும். முதற்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. நான்கு நாள் நலமாகவே இருந்தாள். ஐந்தாம் நாளிலிருந்து உறக்கம் அற்றது. இரவு முழுவதும் உட்கார்ந்தே இருப்பாள். தனக்குத்தானே பேசுவாள். "இது என் பிள்ளையில்லை, மாத்திட்டாங்க" என்பாள். சற்று நேரத்தில் அதே பிள்ளையை விடமாட்டேன் என்று மார்போடு இறுக்குவாள். திடீரென்று எழுந்து வாசலுக்கு ஓடுவாள். அவள் கண்களில் நான் கண்டது பேயன்று, பேரச்சம். ஆனால் அதைச் சொல்லும் வயதும் எனக்கில்லை. சொன்னால் கேட்கும் காதும் அங்கில்லை.

ஊர் கூடியது, தீர்ப்புக் கூறியது. "பிள்ளைத்தாய்ச்சி உச்சிப்பொழுதில் காட்டில் பருத்தி எடுத்தாளே, அங்கேதான் பிடித்திருக்கிறது!" கோடாங்கி வரவழைக்கப்பட்டான். உடுக்கை ஒலித்தது. ஈன்ற உடலின் புண் ஆறாத பெண்ணை வேப்பங்குழையால் அடித்தார்கள். "யார் நீ? சொல்! எதற்கு வந்தாய்? சொல்!" என்று அதட்டினார்கள். அடி பொறுக்காமல் அவள் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். அதுதான் பேயின் பெயர் என்று ஊர் மகிழ்ந்தது! உச்சி முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்து அறுத்தார்கள். பேய் ஆணியிலே தங்கிவிட்டது என்றார்கள். இரண்டு நாளில் ஆணியும் தோற்றது. பிள்ளைக்கு ஆபத்து என்று தாயையும் சேயையும் பிரித்தார்கள். ஊருக்கு வெளியே எங்கள் காட்டில் இருந்த காவற் குடிசையில் சித்தியைக் கயிற்றால் கட்டி வைத்தார்கள். ஆச்சி மட்டும் நாள்தோறும் கம்பங்கூழ் சுமந்துகொண்டு போவாள். முழுத் தூக்குச் சட்டியோடு திரும்பி வருவாள்.

ஓர் இரவு, நிலவில்லாத இரவு, சித்தி கயிற்றை அவிழ்த்துக்கொண்டாள். குடிசையிலிருந்து ஊருக்கு வரும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் ஒரு கமலைக் கிணறு. சுற்றுச் சுவர் கிடையாது. காலையில் கிணற்றில் கண்டெடுத்தார்கள். ஊரின் திசையில்தான் அவள் வந்திருக்கிறாள் என்பதற்கு ஈரக் கரிசலில் பதிந்திருந்த காலடிகளே சாட்சி.

அந்தக் கிணற்றில் சித்தியின் பேய் குடியேறிவிட்டது! ஆம், தோழர்களே! உயிரோடு இருந்தபோது வீட்டில் இடம் கிடைக்காதவளுக்கு, இறந்தபின் கிணறு முழுவதும் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது ஊர். அந்தி சாய்ந்தால் அந்தப் பக்கம் எவரும் போகலாகாது. எங்கள் ஊரில் அந்நாளில் சில ஆசிரியர்கள் முயன்று பெண்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். அந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்பதால் "பேய் பிடிக்கும்" என்று பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். விந்தை கேளுங்கள்! அதே பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியற்காலை நான்கு மணிக்கு வரும். அதே பாதை; அதைவிடக் கும்மிருட்டு. அப்போது மட்டும் பேய் எந்தப் பிள்ளையையும் பிடித்ததில்லை. பேய்க்கும் முதலாளிக்கும் இடையே என்ன ஒப்பந்தமோ, யார் கண்டார்!

வளர்ந்தேன். கல்லூரிக்குச் சென்றேன். ஏடுகள் படித்தேன். பகுத்தறிவு பேசும் இளைஞர் கூட்டத்தில் ஒருவனானேன். 1988ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது நண்பர்களோடு பந்தயம். "அமாவாசை இரவில் அந்தக் கிணற்றடியில் விடியும்வரை தனியே அமர்ந்திருந்து காட்டுகிறேன். பேய் இருந்தால் என்னைப் பிடிக்கட்டும்!" என்றேன். ஊரெல்லாம் இதே பேச்சு. ஆச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அமர்ந்தேன். நள்ளிரவில் ஆந்தை அலறியது. சீமைக்கருவேலத்தின் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலத்தன. கொலுசு ஒலிபோலவே இருந்தது. கிணற்றுக்குள்ளே தவளையொன்று தண்ணீரில் குதித்தது. என் நெஞ்சும் கூடவே குதித்தது. பொய் சொல்வானேன்? அஞ்சினேன். ஆயினும் எழவில்லை. ஒவ்வோர் ஒலிக்கும் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே விடியலைப் பிடித்தேன். நண்பர்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மாலை விழுந்தது. அன்று மாலையே தெருமுனையில் கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். "பேய் எங்கே? காட்டுங்கள்!" என்று நான் முழங்கியபோது எழுந்த கையொலி இப்போதும் காதில் இருக்கிறது. எப்போதும்வென்றானின் மைந்தன் வென்றுவிட்டான் என்று நண்பனொருவன் நன்றியுரையில் சொன்னான்!

வெற்றிக் களிப்போடு வீடு திரும்பினேன். ஆச்சி அடுப்படியில் இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ராத்திரி பூரா உட்காந்து, பேய் இல்லேன்னு பாத்துட்டு வந்துட்டியா, ஐயா?"

"பார்த்துவிட்டேன் ஆச்சி. இல்லவே இல்லை."

"சரி. அது எனக்கும் தெரியும். எம்மக ஏன் அந்த வழியா ஓடி வந்தான்னு கேட்டுட்டு வந்தியா?"

தோழர்களே! ஒரு மணி நேரம் மேடையில் பேசிய நாவுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. பேய் இல்லை என்று மெய்ப்பித்தேன், மெய்தான். ஆனால் பேய் இல்லையென்றால் சித்திக்கு வந்தது என்ன? அவளைக் கட்டியது யார்? அந்தக் குழந்தையை அவளிடமிருந்து பறித்தது யார்? என் மேடைப் பேச்சில் இவற்றுள் ஒரு வினாகூட இல்லை. ஊர் அவளைப் பேயாக்கி மறந்தது. நான் அவளைப் பந்தயப் பொருளாக்கி மறந்தேன். மாயவனத்துப் படத்தில் வருகிறதே, தனியே அமர்ந்து அஞ்சாமல் பார்ப்போர்க்குப் பரிசு என்று, அப்படியொரு பரிசைத்தான் நானும் அன்று பெற்றேன்.

பந்தயம் தவறென்று சொல்ல வரவில்லை. இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், இயற்கைக்கு மேம்பட்ட ஆற்றலை மோசடிக்கு இடமில்லாத சோதனையில் மெய்ப்பிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பரிசை வென்றோர் எவருமிலர். இந்தக் கதையை நம் மேடைகளில் நூறு முறை சொல்லியிருக்கிறோம். அவருடைய பணியின் மறுபாதியைத்தான் நாம் போதுமான அளவு சொல்லவில்லை. பேய் பிடித்ததாகக் கூறப்பட்டோரையும், கல் விழுகிறது, துணி எரிகிறது என்று கலங்கிய குடும்பங்களையும் அவர் நாடிச் சென்றார், அருகே அமர்ந்தார், அவர்களுடைய மனத்துயரைக் கேட்டார், ஹிப்னாடிச முறையால் அமைதிப்படுத்தினார். அவருடைய குறிப்புகளில் ஒன்றைத் தழுவி 1972இல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' என்ற படம் வந்தது. மறு ஆண்டு அது தமிழில் 'மறுபிறவி' ஆயிற்று. பரிசு பேயை விரட்டியது. பரிவு மனிதரை மீட்டது. நான் பரிசை மட்டும் கற்றேன், பரிவைக் கற்கவில்லை.

பேய்ப்படங்களைப் பற்றியும் இதே நோக்கில் சில சொல்ல வேண்டும். மடமையை வளர்க்கும் படங்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நம் வழக்கம். தள்ளத்தக்கவை மிகப் பல, மறுக்கவில்லை. ஆனால் 1951இல் வெளிவந்த 'மர்மயோகி'யை நினைத்துப் பாருங்கள். கே. ராம்நாத் இயக்கத்தில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த படம். காட்டிலே கூட்டம் சேர்த்துக் கொடுங்கோலை எதிர்க்கும் கரிகாலனாக எம்.ஜி.ஆர். நடித்தார். அதில் ஆவி தோன்றும் காட்சிகள் உண்டு. அவற்றைக் கண்டு தணிக்கைக் குழுவினர் வயதுவந்தோர்க்கு மட்டும் என்று 'ஏ' முத்திரை குத்தினர். தமிழ்ப்படமொன்றுக்கு அந்த முத்திரை கிடைத்தது அதுவே முதன்முறை. ஆனால் அந்த ஆவி யார்? சதியால் மாண்டுபோனதாகக் கருதப்பட்ட மன்னனேதான்! உயிரோடு திரும்பி, தன்னை வஞ்சித்தவளின் நெஞ்சைக் குடைகிறான். அங்கே பேய் என்பது குற்றவாளியின் மனச்சான்று. அஞ்ச வேண்டியவர் அஞ்சுகிறார்.

எல்லாப் பேய்க் கதைகளின் அடியிலும் தோண்டிப் பாருங்கள். அங்கே ஓர் அநீதி புதைந்து கிடக்கும். பெரும்பாலும் ஒரு பெண் புதைந்து கிடப்பாள். கணவனால் கைவிடப்பட்டவள், பிள்ளைப்பேற்றில் மடிந்தவள், காதலித்தமைக்காகக் கொல்லப்பட்டவள். கொன்றவனுக்குப் பெயர் இருக்கிறது. கதையில் அவன் பெயர் வருவதில்லை. கொல்லப்பட்டவள் மட்டும் பேயாகி ஊரை அச்சுறுத்துகிறாள்! வரலாறு இப்படி எழுதப்படுவதில்லை. புளியமரத்தில் பேய் என்கிறார்களே, எங்கள் சீமையில் புளியமரத்தில் ஓர் உயிர் பறிக்கப்பட்டது மெய். கயத்தாற்றில் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்டது எந்த முனி, எந்தப் பிசாசு? கும்பினி ஆட்சி! ஆணையிட்டவன் படைத்தலைவன் பானர்மென்! அந்த மரத்தடியில் நாம் அஞ்சி ஓடவில்லை, யார் கொன்றார், ஏன் கொன்றார் என்று கேட்டோம், எழுதி வைத்தோம். கட்டபொம்மனுக்குக் கிடைத்த அந்த நீதி என் சித்தியைப் போன்றோர்க்கு ஏன் கிடைக்கவில்லை? அவர்களைக் கொன்றவர்கள் நாமே என்பதாலா?

மாயவனம் கற்பனை. ஆனால் சங்கிலியால் பிணித்து வைக்கும் மனநோய் விடுதி கற்பனையா? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்பொழுதில், தனியார் நடத்திவந்த அத்தகைய விடுதியொன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை, 28 உயிர்கள் கருகின. எங்கள் ஊரிலிருந்து கடலோரமாகச் சென்றால் அரை நாளில் எட்டிவிடும் இடம் அது. அந்தச் செய்தியை ஏட்டில் படித்த அன்றுதான் என் சித்தியின் கயிறு மீண்டும் நினைவுக்கு வந்தது. நாடு நடுங்கியது, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, அங்கிருந்த அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டவட்டமாகத் தடை விதித்தது. 28 பேர் எரிந்த பின்னரும், சட்டப் புத்தகத்தில் அந்த ஒரு வரி ஏறுவதற்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

நம் நாட்டில் மட்டுமே இப்படி என்று எண்ண வேண்டா. சப்பான் நாட்டில் பூஜி மலையின் அடிவாரத்தில் அவோகிகஹாரா என்றொரு காடு. எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமேல் மரங்கள் நெருங்கி வளர்ந்திருப்பதால் அங்கே ஓசையும் அடங்கிவிடும். துயரத்தால் துவண்டோர் உயிரை முடித்துக்கொள்ளும் இடம் என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. 2016இல் 'தி ஃபாரஸ்ட்' என்ற ஆங்கிலப் பேய்ப்படத்துக்கு அதையே களமாக்கினார்கள். மாண்டோரின் ஆவிகள் வந்தோரை மயக்கிக் கொல்வதாகக் கதை. ஆனால் அந்தக் காட்டின் வாயிலில் அந்நாட்டார் வைத்திருக்கும் பலகையில் ஆவியைப் பற்றிப் பேச்சே இல்லை. பெற்றோரை நினைத்துப்பார், தனியே தவிக்காதே, யாரிடமாவது மனம்விட்டுப் பேசு என்ற பொருளில், உதவிக்கான தொலைபேசி எண்ணோடு, எழுதி வைத்திருக்கிறார்கள். திரைப்படம் பேயைக் காட்டியது. பலகை மனிதரைப் பார்த்தது. காட்டை அறிந்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

என் சித்திக்கு வந்தது என்ன என்பதைப் பின்னாளில் மருத்துவ நண்பரிடம் கேட்டறிந்தேன். மகப்பேற்றுக்குப் பின் வரும் கடுமையான மனநோய் அது. ஆயிரம் தாய்மாரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரக்கூடியது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைகாட்டும். உறக்கமின்மை, குழப்பம், இல்லாததை இருப்பதாக நம்புதல், பிள்ளையைப் பற்றிய விபரீத எண்ணம் எல்லாம் அதன் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் மருந்தால் குணமாகும். தாய் தாயாகவே மீண்டு வருவாள். 1979இலும் இதற்கு மருந்து இருந்தது. பேருந்தும் இருந்தது. பேய் என்ற ஒரு சொல்தான் குறுக்கே படுத்துக்கிடந்தது!

2023ஆம் ஆண்டு. கொட்டகையில் என் பக்கத்தில் அமர்ந்து அழுத அந்தத் தங்கையின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஆறாம் நாள் இரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். குரலில் நடுக்கம் இருந்தது. ஆனால் தெளிவும் இருந்தது. "அண்ணே, மூணு நாளா இவ தூங்கல. பிள்ளை தன்னோடது இல்லைங்கா. நான் வண்டி வரச்சொல்லிட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். நீங்களும் வந்துருங்க." உறவுக்காரர் சிலர் கோடாங்கியின் பெயரை எடுத்தார்களாம். "எங்கம்மாவைக் கட்டின கயித்தை இன்னும் நான் மறக்கல. யாராவது கயித்தோட வந்தா, மொதல்ல என்னைக் கட்டுங்க" என்று வாசலை மறித்து நின்றாளாம் என் தங்கை.

அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். குடும்பத்தில் வேறெவருக்கேனும் இப்படி வந்ததுண்டா என்று வினவினார். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக, சித்தியின் கதையை அது கேட்கப்பட வேண்டிய இடத்தில் நான் சொன்னேன். மேடையில் அன்று, மருத்துவரின் மேசைக்கு முன்னால். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பேயாக அலைந்தவள் அந்தத் தாளில் மீண்டும் மனுஷியானாள். சில வாரங்களில் மகள் தேறினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தபோது, ஆச்சி உயிரோடு இல்லையே என்று மனம் ஏங்கியது.

இளந்தோழர்களே! பேய் இல்லை என்று சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். கிணற்றடியில் அமர்ந்து காட்ட வேண்டுமென்றால் அமர்ந்தும் காட்டுங்கள். ஆனால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இங்கே மடிந்தவர் யார், ஏன் மடிந்தார், யார் செய்த பிழை என்று கேட்டுவிட்டு எழுங்கள். பேய் பிடித்தது என்று எந்த வீட்டிலேனும் சொன்னால், சிரிப்பதற்கு முன் உள்ளே செல்லுங்கள். அங்கே உறக்கமின்றித் தவிக்கும் ஒரு மனித உயிர் இருக்கும். அருகில் அமருங்கள், மருத்துவமனைக்கு வண்டி பிடியுங்கள், என்ன செய்வது என்று தெரியவில்லையென்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். பேய்ப்படம் பார்க்கச் சென்றால் பாருங்கள். திரையிலே பேய் வரும்போது, இவளைப் பேயாக்கியவன் எவன் என்று பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேளுங்கள். அந்த வினா எழும் கொட்டகையில் மடமை நெடுநேரம் அமர்ந்திருக்காது.

சென்ற ஆண்டு அந்தக் கமலைக் கிணற்றுக்கு நானும் தங்கையும் சேர்ந்து சுற்றுச் சுவர் எழுப்பினோம். இடுப்பளவுச் சுவர், செலவும் அதிகமில்லை. 1979க்கு முன்பே எவரேனும் எழுப்பியிருக்கலாம். கொத்தனார் வேலையை முடித்துவிட்டு, "சுவத்துல பேரு எதுவும் எழுதணுமா?" என்று கேட்டார். தங்கை தன் தாயின் பெயரைச் சொன்னாள். எழுதியாயிற்று. இப்போது மாலை வேளையில் பெண்பிள்ளைகள் அந்த வழியே மிதிவண்டியில் வருகிறார்கள். சுவரில் சாய்ந்து நின்று பேசுகிறார்கள். அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். "இது யாரு?" என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். "இந்த ஊர்ப் பெண், அம்மா. தன் பிள்ளையைப் பார்க்க வந்துகொண்டிருந்தவள்" என்றேன்.